மூன்று காலி மடல்கள்

பதிவு 68
திங்கள், 8 டிசம்பர் 2042, 08:50

நிலவின் தென்முனை ஆய்வு நிலையம். பதிவு செய்பவர் பியூலா ஆசீர்வாதம், பனியியல், வயது 48.

துளையிட்டு எடுக்கும் பனித்தண்டு 212 காலை 07:30-க்கு மேலே வந்தது. ஆழம் 41.6 மீட்டர். மூன்று இடங்களில் விரிசல். நடுப்பகுதி சுத்தமாக இருக்கிறது. ஆய்வறை வெப்பம் 14 டிகிரி.

பெரிய செயற்கைக்கோளை வேறு வேலைக்கு நகர்த்தியிருக்கிறார்கள். ஜனவரி 2-இல் திரும்பும். அதுவரை பேச்சுத் தொடர்பு கிடையாது. சின்னச் செயற்கைக்கோள் வியாழன்தோறும் 16:10-க்குத் தலைக்கு மேல் வந்து பதினோரு நிமிடம் இருக்கும். அது இரண்டை மட்டும் கொண்டுபோகும்: நிலையம் தானாக அனுப்பும் ஒரு வரி நலச் செய்தி, என் வீட்டு மடல். நான் அனுப்பும் மடலுக்கு நானூறு எழுத்து, ஒரே ஒரு முகவரி; வீட்டிலிருந்து வருவதற்கு அளவு இல்லை.

உடன் இருந்த ஹரீந்திரன் சிறுநீரகக் கல்லோடு நவம்பர் 30 விண்கலத்தில் ஊர் திரும்பினார். மாற்று ஆள் ஜனவரி 4-இல் வருவார். ஒரு மாதம் தனியாக இருக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். விருப்பம் என்றே எழுதியிருக்கலாம்.

பதிவு 69
திங்கள், 8 டிசம்பர், 11:05

10:40-க்குத் தரை அசைந்தது. நான்கு விநாடி. ஆய்வறைக்கும் வாழும் பகுதிக்கும் நடுவிலுள்ள இரண்டாம் கதவு மூடிக்கொண்டது. அழுத்தம் ஒரு கணம் இறங்கியதை உணர்ந்து மூடியிருக்கும். அதன் வேலை அது. இப்போது இரண்டு பக்கமும் அழுத்தம் சரியாக இருக்கிறது. பூட்டு விடவில்லை.

பூட்டு விட வேண்டுமானால், வாழும் பகுதி மேசையில் ஒருவர் எச்சரிக்கையைப் படித்து, ஏற்றுக்கொண்டதாகப் பொத்தானை அழுத்த வேண்டும். பெரிய செயற்கைக்கோள் இருந்தால் பூமியிலிருந்து கட்டுப்பாட்டு மையமும் அதைச் செய்யலாம். நிலையத்தில் எந்நேரமும் இருவர் இருப்பார்கள் என்று நினைத்து வடிவமைத்திருக்கிறார்கள்.

பொத்தான் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்.

பதிவு 70
திங்கள், 8 டிசம்பர், 17:30

அறை இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். கையை உயர்த்தினால் கூரை.

இருப்பவை: ரம்பத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் நாற்பது லிட்டர். அவசரப் பெட்டியில் பிஸ்கட், இருவருக்குப் பத்து நாள். ஆக்சிஜன் உருளை ஒன்று, ஒருவருக்கு ஒரு மாதம் வரும். கழிப்பறைக்கு மாதிரிப் பைகள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

குறைவது ஒன்றுதான். நான் விடும் மூச்சை உறிஞ்சும் உறைகள். மொத்தம் பத்து. ஓர் உறை நாற்பது மணி நேரம். முதல் உறையை இரவு வரை தள்ளிப்போட்டால் 25-ஆம் தேதி மதியம் வரை ஓட்டலாம். மாற்று ஆள் வரும் நாளுக்கும் அதற்கும் பத்து நாள் இடைவெளி.

இங்குள்ள திரையில் செய்ய முடிந்தவை இரண்டு. இந்தப் பதிவு, வீட்டு மடல். பதிவு இங்கேயே தங்கும். மடல் வியாழனன்று போகும். ஆகவே இது மூன்று நாள் சங்கடம், அவ்வளவுதான். வீட்டுக்கு எழுதினால் அவர்கள் மையத்துக்குச் சொல்வார்கள், மையம் பெரிய செயற்கைக்கோளைத் திருப்பும்.

பதிவு 72
புதன், 10 டிசம்பர், 15:20

பனி அறுக்கும் ரம்பத்தால் கதவின் கீலை அறுத்துப் பார்த்தேன். ஒன்றரை நாளில் மூன்று அலகுகள் மழுங்கின. கீலில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு விழுந்திருக்கிறது. நிறுத்திவிட்டேன். உழைத்தால் மூச்சு அதிகம் செலவாகிறது.

நிலையத்தின் நலச் செய்தி நகல் இந்தத் திரையிலும் ஓடுகிறது: காற்று சரி. மின்சாரம் சரி. ஆள் 1.

அது வாழும் பகுதியின் காற்றைத்தான் அளக்கிறது. அங்கே யாரும் இல்லை. ஆளை வெளிக்கதவு எண்ணுகிறது, உள்ளே வந்தவர் கழித்தல் வெளியே போனவர். உயிரோடு இருக்கிறாரா என்று அது கேட்பதில்லை. செத்துக் கிடந்தாலும் ஆள் ஒன்றுதான்.

பதிவு 73
வியாழன், 11 டிசம்பர், 16:40

16:10-க்கு மடல் போனது. வாசகம்:

"அவசரம். ஆய்வறையில் பூட்டப்பட்டிருக்கிறேன். மேசை எச்சரிக்கையைத் தொலைவிலிருந்து ஏற்று இரண்டாம் கதவின் பூட்டை விடும்படி கட்டுப்பாட்டு மையத்துக்கு உடனே சொல்லவும். நலச் செய்தியை நம்ப வேண்டாம். காற்று 25 மதியம் வரை. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லவும்."

மீதி இடத்தில் அதையே மறுபடி எழுதி நானூறையும் நிரப்பினேன். ஒரு பிரதி சிதைந்தாலும் மற்றது மிஞ்சும்.

16:19-க்கு வீட்டிலிருந்து வந்த மடல் இறங்கியது. எழுதியவள் லில்லி மைனி, அண்ணன் தியோடரின் மனைவி. அப்படியே கீழே தருகிறேன்.

"பியூலா, நல்லாருக்கியா. இங்க எல்லாரும் சொகம். போன வருசம் ஒங்க அண்ணன் ஒன் ஸ்தோத்திர மடல முன்னாடியே பிரிச்சிப் படிச்சிட்டாகன்னு நீ கேலி பண்ணுனல்லா, அது அவுகளுக்கு இன்னும் ஆறல. இந்தத் தடவ தேதிப் பூட்டு போட்டுட்டாக. நேத்துலருந்து வீட்டுக்கு யாருட்டருந்து என்ன மடல் வந்தாலும் 28 ஞாயித்துக்கெழம மத்தியானந்தான் தொறக்கும். அவுகளே நெனச்சாலும் முடியாது. யாரு அனுப்புனா, எத்தன எழுத்து, அது மட்டுந்தான் தெரியும். அதனால தைரியமா எழுது. எப்பமும் போல மூணு வார்த்தையோட நிப்பாட்டிராத. அத்த கேக்காக."

நேற்றிலிருந்து.

பதிவு 74
வெள்ளி, 12 டிசம்பர், 10:15

இதைக் கண்டெடுப்பவருக்கு எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில், வருடத்தின் கடைசி ஞாயிறு, கோயில் முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் வட்டமாக உட்கார்வோம். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை நடந்ததை ஒவ்வொருவரும் சொல்லி ஸ்தோத்திரம் செய்ய வேண்டும். வெளியூரில் இருப்பவர் மடல் அனுப்ப வேண்டும். அதைப் பிரித்து வாசித்த பிறகுதான் பிரியாணி. ஒரே விதி, அப்பா போட்டது. மற்ற நாளெல்லாம் கேட்கிறோம், இந்த ஒரு நாள் எதையும் கேட்கக் கூடாது.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன நாளிலிருந்து எழுதும் மடல் இது: "நலம். நன்றி. பியூலா." அப்பா அதைக் கடைசியாக வாசித்து, இவள் சுருக்கெழுத்தில் ஜெபிக்கிறாள் என்பார். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மடல் மாறவில்லை.

போன வருடம் அண்ணன் முன்கூட்டியே பிரித்துவிட்டதை வைத்துக் கிண்டல் செய்தேன். மூன்று வார்த்தைக்கு இத்தனை ஆவலா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அதற்குத்தான் இந்தப் பூட்டு.

இன்னொரு பூட்டும் உண்டு. முன்பெல்லாம் வீட்டு மடல்களைக் கட்டுப்பாட்டு மையத்தில் ஒருவர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். அந்தரங்கத்தில் தலையிடுகிறார்கள் என்று போன வருடம் மனு எழுதி, பதினான்கு பேரிடம் கையெழுத்து வாங்கி, அதை நிறுத்தியது நான். இப்போது யாரும் படிப்பதில்லை.

கதவை நிலையம் பூட்டியது. மற்ற இரண்டையும் நான் பூட்டினேன்.

பதிவு 76
ஞாயிறு, 14 டிசம்பர், 12:30

நான்காவது உறை. கரியமில வாயு 0.6 சதவீதம். வெப்பம் 14.

கோயில் முடிகிற நேரம். வேறு வேலை இல்லாததால் இந்த வருடத்தை எழுதுகிறேன். ஸ்தோத்திரம் அல்ல. நடந்தவை.

பிப்ரவரியில் ரெபேக்கா என்னிடம் வந்தாள். அண்ணனின் ஒரே மகள். உடன் வேலை செய்யும் இளமாறனைக் கல்யாணம் செய்யப் போவதாகச் சொன்னாள். வேறு மதம். அப்பாவிடம் பேசி முடித்தாயிற்று, பேச்சு முடிந்தே விட்டது என்றாள். ஏப்ரலில் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. கோயிலுக்கே வராதவள் என் பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போனாள் பார் என்று மைனியிடம் சொன்னானாம். செப்டம்பரில் நான் கிளம்பியபோது வழியனுப்ப வரவில்லை.

ஜூலையில் அம்மா குளியலறையில் விழுந்தாள். இடுப்பில் தகடு. எழுபத்தேழு வயதுவரை தனியாக இருந்தவளை அண்ணன் வீட்டுக்கு மாற்றினோம். இரண்டு மாதம் அம்மா அந்த வீட்டை விடுதி என்றே சொன்னாள். இவ்வளவு நல்ல விடுதியில் காப்பி மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று மைனியிடமே கேட்டாள். மைனி டிகாஷனை அவள் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, நீங்களே கலந்துகொள்ளுங்கள் என்றாள். அன்றுமுதல் இருவரும் சினேகம்.

அண்ணனுக்கு ஆகஸ்டில் ஒரு கண்ணில் பார்வை மங்கியது. வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். ஐம்பத்து மூன்று வயதில் லில்லி மைனி கார் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் கேட், இரண்டாம் வாரம் பக்கத்து வீட்டு கேட். இப்போது அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கூட்டிப் போகிறாள்.

அக்டோபரில் ரெபேக்கா வீட்டுக்கு வந்தாள். அண்ணன் கதவைத் திறந்து, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டானாம். அவள் சாப்பிட்டிருந்தாள். இல்லை என்று சொல்லி மறுபடி சாப்பிட்டாள். இதை எனக்கு எழுதியதும் மைனிதான்.

நவம்பரில் மடலுக்கு ஒரு முகவரி கேட்டார்கள். ரெபேக்காவா, அம்மா இருக்கும் வீடா என்று யோசித்து வீட்டை எழுதினேன். ரெபேக்காவை எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமையே வெளியே வந்திருப்பேன்.

பதிவு 78
செவ்வாய், 16 டிசம்பர், 14:00

பூட்டுக்கு வெளியே தெரிபவை இரண்டு. அனுப்பியவர் பெயர், எழுத்தின் எண்ணிக்கை. நாளை மறுநாள் நான் என்ன எழுதினாலும் அவர்கள் பார்க்கப்போவது ஓர் எண்ணை மட்டும்.

எந்த எண்ணை அனுப்புவது? மையத்தின் தொலைபேசி எண்ணை எழுத்துகளின் எண்ணிக்கையாகப் பிரித்து அனுப்பலாம். அண்ணனுக்குப் புரியாது. எனக்கே புரிந்திருக்காது. விஞ்ஞானி மட்டும் படிக்கக்கூடிய சங்கேதத்தை விஞ்ஞானி இல்லாத வீட்டுக்கு அனுப்பிப் பயனில்லை. வீட்டுக்கு ஏற்கெனவே தெரிந்த எண் வேண்டும்.

இரண்டு மணி நேரம் யோசித்த பிறகு நினைவுக்கு வந்தது.

நான் பள்ளியில் படித்தபோது எல்லார் வீட்டிலும் மிஸ்டு கால் உண்டு. காசு மிச்சம். எங்கள் வீட்டுக் கணக்கு: ஒரு தடவை அடித்து வைத்தால், வந்து சேர்ந்தேன். இரண்டு என்றால், நீ கூப்பிடு. மூன்று என்றால், உடனே வா.

மூன்றை நான் ஒரே ஒரு தடவை அடித்திருக்கிறேன். பதினான்கு வயதில், டியூஷன் முடிந்து, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில். மழை, பஸ் இல்லை. அம்மா பக்கத்து வீட்டுக்காரரின் டிவிஎஸ் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தொப்பலாக நனைந்து வந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், பஸ் கிடைக்காததற்கெல்லாம் மூன்று அடிப்பாயா என்று அத்தனை பேர் முன்னால் திட்டினாள். அதன் பிறகு நான் மூன்று அடித்ததே இல்லை. யோசித்துப் பார்த்தால், அதன் பிறகு யாரையும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

வியாழனன்று மூன்று மடல் அனுப்புவேன். மூன்றிலும் ஒன்றும் இருக்காது. எழுத்து: 0, 0, 0.

பதிவு 80
வியாழன், 18 டிசம்பர், 16:35

16:10, 16:11, 16:12. மூன்றும் போயின. காலி மடலை அனுப்பவா என்று இயந்திரம் ஒவ்வொரு முறையும் கேட்டது. அனுப்பு என்றேன்.

16:16-க்கு மைனியின் மடல் வந்தது. நான் அனுப்பியதைப் பார்ப்பதற்கு முன்பு எழுதியது.

"ஏ பியூலா, ஒன் மடல் வந்துட்டு. நானூறு எழுத்து! ஒங்க அண்ணன் திரையப் பாத்துட்டு கண்ணாடியக் கழத்தித் தொடச்சிப் போட்டு மறுபடியும் பாத்தாக. அத்த அழுதுட்டாக. முப்பது வருச ஜெபம், எம்மவ மனசு தொறந்துட்டான்னு எதுத்த வீடு, பின்னாடி வீடு, பால்காரர் வரைக்கும் சொல்லியாச்சி. ஞாயித்துக்கெழம கோயில்ல எழும்பி நின்னு சாட்சி சொல்லப் போறாகளாம். ஒங்க அண்ணன் வாயத் தொறந்து ஒன்னப் பத்திப் பேசுனது ஏப்ரலுக்குப் பெறவு இப்பந்தான். பியூலா மடல கடைசியா வாசிப்போம், அப்பா வாசிக்க மாதிரின்னாக. நீ எங்க எல்லாருக்கும் இந்த வருசம் பெரிய காரியம் செஞ்சிருக்க."

இதை நான்கு தடவை படித்தேன்.

நான் இங்கே கிடக்கிறேன் என்று எழுதிய மடலைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சந்தோஷப்படுகிறார்கள். ஸ்தோத்திர மடலில் எதையும் கேட்கக் கூடாது என்ற விதியை அந்த வீட்டில் முதலில் மீறியவள் நான். அது அவர்களுக்கு 28-ஆம் தேதி மதியம் தெரியும்.

பதிவு 83
ஞாயிறு, 21 டிசம்பர், 11:40

எட்டாவது உறை. 0.9 சதவீதம். இதற்குள் இன்னும் குறைந்திருக்க வேண்டும். உறைகள் பழையவை போலும்.

மூன்று நாளாக ஒரே கேள்வி. மூன்று சுழியத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்? அண்ணன் கோளாறு என்பான். நானும் அதைத்தான் சொல்வேன். எளிய விளக்கம் போதுமென்றால் சிக்கலானதைத் தேடாதே என்று முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். மூன்று காலி மடலுக்கு எளிய விளக்கம் கருவி பழுது.

இப்போது அம்மா எழும்பி நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கலாம்.

கால்களை நீட்டிப் படுக்க மூலைவாட்டில்தான் முடிகிறது. மூட்டுகள் வலிக்கின்றன. பனித்தண்டுகள் கண்ணாடிக் குளிர் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் எண்களை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தேன். பிறகு கீழிருந்து மேலே.

பதிவு 85
செவ்வாய், 23 டிசம்பர், 13:10

ஒன்பதாவது உறை. தலைவலி நிற்கவில்லை. பிஸ்கட் இறங்கவில்லை.

எழுதாமல் வைத்திருந்ததை எழுதுகிறேன்.

ரெபேக்கா பதிவு அலுவலகப் படியில் ஏறும்போது என் கையைப் பிடித்தாள். யாரும் என் கையைப் பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு நன்றி. அவளுக்கு.

அம்மா ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து கேட்ட முதல் கேள்வி, பியூலா சாப்பிட்டாளா. நான் சாப்பிட்டேனா என்று என்னிடமே கேட்காமல் நர்ஸிடம் கேட்டாள். நான் பொய் சொல்வேன் என்று தெரியும். அதற்கும்.

லில்லி மைனி செப்டம்பரில் என்னை வழியனுப்பத் தனியாகக் கார் ஓட்டி வந்தாள். அண்ணன் அனுப்பவில்லை, நானே வந்தேன் என்றாள். பின் இருக்கையில் முறுக்கு டப்பா இருந்தது. தேங்காய் எண்ணெயில் சுட்டது, வெள்ளை எள் போட்டு. அண்ணனுக்கு மட்டும்தான் நான் கறுப்பு எள்ளைப் பொறுக்கி எறிந்துவிடுவேன் என்று தெரியும். டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யார் சொல்லிச் சுட்டது என்று கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். அண்ணா, நீதானே என்று ஒரு மடல் போட்டிருக்கலாம். எழுத்து பத்துக்குள்தான் வந்திருக்கும்.

பதிவு 87
வியாழன், 25 டிசம்பர், 08:20

பத்தாவது உறை 06:10-க்குத் தீர்ந்துவிட்டது. ஆறரை மணி நேரம் முன்பே. இனி அறையின் காற்றுதான். 2.2 சதவீதம். மணிக்கு 0.35 ஏறுகிறது. ஏழைத் தாண்டினால் நினைவு தங்காது. ஆகவே இரவு பத்துக்குள்.

கிறிஸ்துமஸ். சொல்ல மறந்துவிட்டேன்.

பதிவு 88
வியாழன், 25 டிசம்பர், 16:30

5.0. விரல் வேறு எழுத்தில் விழுகிறது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும்.

16:13-க்கு மடல் வந்தது. முழுதாகத் தருகிறேன்.

"பியூலா, லில்லி. அத்த சொல்லுதத அப்படியே அடிக்கேன்.

ஏட்டி பியூலா. மூணு தடவ அடிச்சிருக்க. பாத்தேன். ஒங்க அண்ணன் கோளாறுன்னான். போலே, எம்மவ மூணு அடிச்சது ஒரு தடவதான், பஸ் ஸ்டாண்டுல, நான் வஞ்சதுக்குப் பெறவு உசுரு போனாலும் அடிக்க மாட்டா, இப்பம் அடிச்சிருக்கான்னேன். அந்த ஆபீசுக்கு போன் போட்டு எங்கையில குடுத்தான். ஒரு பொண்ணு, பாட்டி, நிலையம் நலம், காத்து சரி, ஆள் ஒண்ணுங்கா. அந்தச் சவத்து மெசினு எம்மவளப் பெத்துச்சாட்டின்னு கேட்டேன். வச்சிட்டா.

லில்லி காரெடுத்தா. முந்தாநாள்லருந்து அவங்க ஆபீசு கேட்டு முன்னாலதான் இருக்கோம். கிறிஸ்துமஸ் கோயிலுக்கும் போவல. ஒங்க அண்ணனுக்கு நேத்துதான் ஒறச்சிது. உள்ள போயி, சார், எந்தங்கச்சி வருசத்துக்கு மூணு வார்த்த எழுதுதவ, அவ நானூறு எழுத்துக்கு நன்றி சொல்ல மாட்டா, அந்த மடல்ல நன்றி இல்ல, வேற என்னமோ இருக்குன்னான். அப்பந்தான் அவங்க மொகம் மாறிச்சி. பெரிய செயற்கைக்கோளத் திருப்பச் சொல்லியிருக்காங்களாம். சாயங்காலம் ஆவுமாம். எத்தன மணின்னு கேட்டா சொல்லத் தெரியல.

என்ன ஆச்சின்னு எனக்குத் தெரியாது. வைய மாட்டேன். தூங்கிராத. வாரேன்."

இத்தனை பேச்சில் அம்மா ஜெபம் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

இயந்திரத்தை நம்பாதே, தரவைப் பார் என்று நான் மாணவர்களிடம் சொல்வது எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன்.

பதிவு 89
வியாழன் 25, 18:05

5.6. பார்வை ஓரங்களில் கறுப்பு.

இருபத்தெட்டில் வாசிக்க என் மடல் இது. வீட்டில் யாராவது கையில் இது கிடைத்தால்.

ஜனவரி முதல் டிசம்பர் வரை. அம்மா விழுந்ததால் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் கண் மங்கியதால் மைனி கார் கற்றாள். நான் கிண்டல் செய்ததால் பூட்டு. பூட்டு போட்டதால் எழுத்து எண்ணிக்கை. இதையெல்லாம் கர்த்தரின் ஏற்பாடு என்பான் அண்ணன். தற்செயல் என்பேன் நான். பிரியாணி ஆறும்வரை சண்டை போடலாம்.

அந்தச் சண்டை வேண்டும். விதி தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

பதிவு 90
25, 19:10

6.0. உட்கார்ந்திருக்கிறேன். படுத்தால் தூங்கிவிடுவேன்

தூங்கக் கூடாது என்றாள்

பனித்தண்டு எண் 212, 211, 210, 209, 207

208

பதிவு 91
25, 19:51

கதவு மேல் சிவப்பு விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது

ஒரு தடவை என்றால் வந்து சேர்ந்தேன்

ஒரே ஒரு தடவை கண்டதை ஆதாரம் என்று எடுக்க மாணவர் யாரையும் விட்டதில்லை. இன்னொரு தடவை வர வேண்டும். கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டு இரு

அம்மா நான் இங்கேதா

தானியங்கிப் பதிவு
வியாழன், 25 டிசம்பர் 2042, 19:58

எச்சரிக்கை தொலைவிலிருந்து ஏற்கப்பட்டது. இரண்டாம் கதவு திறந்தது. காற்று சரி. மின்சாரம் சரி. ஆள் 1.